குதிரைவாலும் கடைசல் இயந்திரமும்

இந்த ஆண்டு மலரில் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதுகிற நண்பர்கள் இருப்பார்கள். கூவத்தைச் சுத்தம் செய்வது எப்படி என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் நிச்சயம் பத்துப் பேராவது இருப்பார்கள். நான் என் தலைமுடியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். முடித்தபின் படியுங்கள். ஏனென்றால் இது ஜடைக் கதை மட்டும் இல்லை, நண்பர்களே. இயந்திரவியல் பிரிவில் இருக்கிற நாங்கள் நாலு பெண்களும் லேத் முன்னால் நிற்கலாமா, கூடாதா என்கிற கதை.

முதலில் என் தலைமுடியைச் சொல்லிவிடுகிறேன். கடவுள் எனக்குப் பணத்தைக் குறைவாகக் கொடுத்தாலும் முடியை அளவில்லாமல் கொடுத்திருக்கிறார். மொத்த முடியையும் சேர்த்து ஒரு கையால் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொடாது. ஊரில் பாதிப் பேர் சவுரி வைத்துத் தடிமன் கூட்டுகிறார்கள். நான் தடிமனைக் குறைக்க வழி தேடுகிறேன். தலைக்குக் குளித்தால் காய அரை நாள் ஆகும். சாதாரண ரப்பர் பேண்ட் மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற வரைக்கும் இரட்டை ஜடை, மடித்துக் கட்டி, ரிப்பன். அதற்கு அம்மா வேண்டும். அம்மா காலையில் ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாங்க. அதனால் அஞ்சரைக்கே என்னை உட்கார வைத்து, தூக்கக் கலக்கத்தில் ஆடுகிற என் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னி முடிப்பாங்க. இருபத்தைந்து நிமிஷம்! ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிஷம், வருஷத்துக்கு இருநூறு பள்ளி நாள் என்று போட்டுப் பாருங்கள். எண்பது மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஆயிரம் மணி நேரம். அந்த ஆயிரம் மணி நேரம் அம்மா தூங்கியிருக்கலாம்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் நாள்தான் நான் முதல்முதலாகக் குதிரைவால் போட்டேன். இங்கிலீஷில் போனிடெயில் என்கிறார்கள், நம் ஊரில் குதிரைவால். எல்லா முடியையும் பின்னால் அள்ளி, ஒரே இடத்தில் ஒரு பேண்ட். ரெண்டு நிமிஷ வேலை, கண்ணாடி கூட வேண்டாம். அம்மா அன்றைக்கு அரை மணி நேரம் கூடத் தூங்கினாங்க. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஜன்னல் காற்று முகத்தில் அடிக்கும், முடி முகத்தில் விழாது. வெயிலில் பின்கழுத்து வேர்க்காது. எனக்கு அது சுதந்திரம் மாதிரி இருந்தது.

மற்றவர்களுக்கு எப்படி இருந்தது என்பது வேறு விஷயம்! ஒரு நாள் லஸ் முனையில் பஸ்ஸில் ஏறிய ஒரு மாமி, "கொழந்தே, உன் குதிரை என் மூக்குல பாயறதுடி, கொஞ்சம் முன்னாடி போட்டுக்கோ" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த மாமி சொன்னதில் நியாயம் இருந்தது. கூட்டத்தில் நம் முடி அடுத்தவர் கண்ணில் படக் கூடாது.

வராந்தா விதி

ஆனால் எல்லோரும் மாமியைப் போல் காரணத்தோடு பேசுவதில்லை. ஒரு நாள் வராந்தாவில் ஒரு ஆசிரியை என்னை நிறுத்தினார். "என்னம்மா இது குதிரை வாலு? ஒழுங்கா ஜடை போட்டுக்கிட்டு வா. படிக்கிற பொண்ணு மாதிரி இரு" என்றார்.

ஏன் என்று கேட்கும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். ஜடை போட்டால் அடக்கம், குதிரைவால் போட்டால் திமிர், விரித்துப் போட்டால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? நம் பெரியவர்களுக்கு விரித்த கூந்தல் என்றால் துக்கம், கோபம். கண்ணகி பாண்டியன் சபைக்குப் போனது விரித்த கூந்தலோடுதான். பாஞ்சாலி சபதம் போட்டதும் விரித்த கூந்தலோடுதான். அதனால் "தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்காதே" என்று பாட்டிகள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டிய முடியிலும் கூடவா பாவ புண்ணியம்? கூந்தலுக்குத் தமிழில் ஐம்பால் என்றே ஒரு பெயர் இருக்கிறது. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று அதற்கு உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். சங்க காலத்திலேயே ஐந்து விதம் இருந்திருக்கிறது. ரெண்டாயிரம் வருஷம் கழித்து நமக்கு ஒரே விதமா?

மயிலாப்பூர் மாடவீதிகளில் ஜடை நாகமும் ராக்கொடியும் குஞ்சலமும் இன்றைக்கும் விற்கிறார்கள். பரதம் ஆடுகிற பெண்களுக்கு நீண்ட ஜடை ஆட்டத்தோடு சேர்ந்த ஒரு அங்கம். அங்கே ஜடைக்கு ஒரு வேலை இருக்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு கடை விடாமல் கிளிப்பும் பேண்டும் தொங்குகிறது. அவை ஓடுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும். செய்கிற வேலைக்குத் தகுந்தபடி முடியைக் கட்டுவது நம் ஊருக்குப் புதிதே இல்லை. வேலையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து விதி போடுவதுதான் தப்பு.

இப்படியெல்லாம் மனசுக்குள் வீரமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நான் சரியாக உதை வாங்கினேன்.

லேத் முன்னால்

ஒர்க் ஷாப் வகுப்பு. எனக்கு அன்றைக்கு ஸ்டெப் டர்னிங். ஐம்பது மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் ராடு சக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. க்ராஸ் ஸ்லைடு டயலில் கோடு சரியாகத் தெரியவில்லை என்று குனிந்தேன். என் குதிரைவால் தோளில் இருந்து வழுக்கி முன்னால் விழுந்தது. எனக்குத் தெரியவில்லை. சாருக்குத் தெரிந்தது. பக்கத்து லேத்தில் நின்றவர் பாய்ந்து வந்து, ஒரு கையால் என் தோளைப் பின்னால் இழுத்து, மறு கையால் மெஷினை நிறுத்தினார். முடிக்கும் சக்குக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்ததாகப் பக்கத்தில் நின்ற நண்பன் பிறகு சொன்னான்.

"ஏம்மா, உயிரை விட முடி பெரிசா?" என்றார். அவருக்குக் கை நடுங்கியது. எனக்குக் கால்.

அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான், வெட்டு வேகம் கண்டுபிடிக்கிற கணக்கு. ராடின் விட்டம் 50 மி.மீ. நிமிஷத்துக்கு 300 சுற்று. ஒரு சுற்றுக்கு ராடின் மேற்பரப்பு சுமார் 157 மி.மீ. நகரும். என் குதிரைவாலின் நீளம் 45 செ.மீ. அதாவது மூன்றே சுற்றில் முழுக் குதிரைவாலும் ராடில் சுற்றிவிடும். விநாடிக்கு ஐந்து சுற்று என்றால் மூன்று சுற்றுக்கு எவ்வளவு? 0.6 விநாடி! கண்ணால் பார்த்து மூளைக்குப் போய்க் கை அசைய ஆரம்பிக்கவே கால் விநாடி போய்விடும். அதற்குப் பிறகு கை ஸ்விட்சைத் தேட வேண்டும். ஸ்விட்சைப் போட்ட பிறகும் சக் உடனே நிற்காது. தேர்வில் இந்தச் சூத்திரத்துக்கு ரெண்டு மார்க். அன்றைக்கு எனக்கு அது உயிர்.

"முடிதானே, அறுந்துவிடும்" என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தலைமுடி ஐம்பதிலிருந்து நூறு கிராம் வரை இழுவை தாங்கும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. நூறு முடி மாட்டினாலே ஐந்து கிலோவுக்கு மேல் இழுவை தாங்கும். ஒரு கொத்தே மாட்டினால்? முடி அறாது. தலையைத்தான் இழுக்கும், தோலைத்தான் உரிக்கும்.

இது என் பயம் மட்டும் இல்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், படிப்பை முடிக்கப்போகிற நிலையில் இருந்த ஒரு இயற்பியல் மாணவி, இரவு நேரத்தில் ஒர்க் ஷாப்பில் தனியாக லேத்தில் வேலை செய்தபோது கூந்தல் மாட்டி இறந்துபோனார். வயது 22. உலகத்திலேயே பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. 2020-இல் ஹைதராபாத்தில் கோ-கார்ட் ஓட்டிய ஒரு என்ஜினீயரிங் மாணவி, வண்டிச் சக்கரத்தில் கூந்தல் சிக்கி உயிரிழந்தார். சுற்றுகிற எதற்கும் பெரிய கல்லூரி, சின்னக் கல்லூரி தெரியாது. ஷாஃப்ட், ட்ரில்லிங் மெஷின், பெல்ட், சக்கரம் எல்லாம் ஒரே ஜாதி.

இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போனதும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெண்கள் மெஷின் முன்னால் வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் வெரோனிகா லேக் என்ற ஹாலிவுட் நடிகை, ஒரு கண்ணை மறைத்து விழுகிற நீண்ட முடி அலங்காரத்தால் பிரபலம். ஆயிரக்கணக்கான பெண்கள் அவரைப் பார்த்து அதே மாதிரி விட்டுக்கொண்டார்கள். மெஷினில் முடி மாட்டியது. கடைசியில் அரசாங்கமே அந்த நடிகையைக் கேட்டுக்கொண்டது. 1943-இல் அவர் தன் முடியைத் தூக்கிக் கட்டி, அதைப் படம் பிடித்து நாடு முழுக்கக் காட்டினார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விபத்து நடந்ததும், "பெண்களே, வீட்டுக்குப் போங்கள்" என்று அப்போது சொல்லவில்லை. "முடியைக் கட்டுங்கள், வேலையைத் தொடருங்கள்" என்று சொன்னார்கள்.

எனக்குக் கிடைத்த தீர்ப்பு

என் கதையில் அப்படி நடக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் லேத் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவானது. பென்ச் வைஸில் ஒரு சதுர ப்ளேட்டைக் கொடுத்து, "அரம் போட்டு ராவு" என்றார்கள். மூன்று வாரம் ராவினேன். மற்றவர்கள் டேப்பர் டர்னிங் முடித்து த்ரெட் கட்டிங் போய்விட்டார்கள். என் பேட்ச்சில் கையில் தொங்கத் தொங்கச் சாமிக் கயிறு கட்டிய ஒரு நண்பனும், முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத ஒரு நண்பனும் லேத்தில்தான் இருந்தார்கள். அவர்களை யாரும் ராவச் சொல்லவில்லை.

சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என் உயிரைக் காப்பாற்றினார். அவர் சொன்ன ஆபத்தும் உண்மை. ஆனால் ஆபத்தைக் காட்டியவர்கள் அதற்கு மாற்று வழியைக் காட்டவில்லை. முடியைக் கட்டச் சொல்லிக் கொடுப்பதைவிட ஆளை ஓரமாக நிறுத்துவது சுலபம்.

இது நம் கல்லூரியோடு ஆரம்பித்த பழக்கமும் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் நம் நாட்டில் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதன் 22-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடுகிற இயந்திரத்தின் அருகே போய்ச் சரிபார்க்க வேண்டியவர் யார்? பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த, வயதுவந்த ஆண் தொழிலாளி. ஓட்டத்தில் இருக்கிற இயக்கு இயந்திரத்துக்கு எண்ணெய் விடவோ, துடைக்கவோ, சரிசெய்யவோ பெண்களை அனுமதிக்கக் கூடாது என்றும் அது சொன்னது. நல்லெண்ணத்தில் எழுதியதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வாசகத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. பயிற்சி, இறுக்கமான உடை, ஆண். முதல் இரண்டும் உயிரைக் காக்கும். மூன்றாவது என்ன செய்யும்? பயிற்சியும் இறுக்கமான உடையும் பெண்ணுக்குக் கொடுத்தால் மெஷின் மாட்டேன் என்றா சொல்லும்?

ஆயாவின் கொண்டை

மூன்றாவது வாரம் வீட்டில் அழுதுவிட்டேன். அப்பா, "சரி விடு, கம்ப்யூட்டர் பக்கம் மாத்தித் தருவாங்களான்னு கேட்டுப் பாக்கலாம்" என்றார். அம்மா, "தோள் வரைக்கும் வெட்டிடட்டுமா?" என்று கேட்டாங்க. கேட்கும்போதே அவங்க கண்ணில் தண்ணீர். பெண்களும் ஆண்களைப் போல் கிராப் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னார். அது ஒரு நேர்மையான வழி. வெட்டிக்கொள்கிற தோழிகளை நான் மதிக்கிறேன். ஆனால் வெட்டுகிறவள் தன் இஷ்டத்துக்கு வெட்ட வேண்டும். லேத்துக்கு டிக்கெட் வாங்குவதற்காக வெட்டக் கூடாது.

ஆயாதான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாங்க. எங்க ஆயா சித்தாள் வேலை பார்த்தவங்க. தி.நகரிலும் அடையாறிலும் மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிய காலத்தில் மணலும் கலவையும் தலையில் சுமந்தவங்க. என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தாங்க.

"இன்னாடி இது, பெரிய படிப்பு படிக்கிற, கொண்டை போடத் தெரியலையா? கலவை மெஷின் ஓடச் சொல்ல தொங்குற முடியோட எவளாவது கிட்டப் போவாளா? மேஸ்திரி திட்டறதுக்கு முன்னாடி நாங்களே முடிஞ்சுக்குவோம்" என்றாங்க.

அந்தக் கொண்டையை ஆயா போட்ட விதம் இதுதான். முடி முழுவதையும் பின்கழுத்துப் பக்கம் ஒரே கையில் அள்ளு. கயிறு முறுக்குகிற மாதிரி ஒரே பக்கமாக முறுக்கு. முறுக்கிக்கொண்டே போனால் அது தானாகவே சுருண்டு வட்டமாகும். அந்த வட்டத்தை அடியைச் சுற்றிச் சுற்றி, நுனியை அடியில் திணித்து இழு. அவ்வளவுதான். ஊசி இல்லை, கிளிப் இல்லை. "பின்கழுத்துல போட்டாத்தான் மேல சும்மாடு நேரா நிக்கும்" என்று விளக்கம் வேறு. அள்ளி முடிந்த கொண்டை. வயலில் நாற்று நடுகிற பெண்களும், பட்டினப்பாக்கத்தில் மீன் கூடை சுமக்கிற பெண்களும், சித்தாள்களும் காலங்காலமாகப் போடுகிற கொண்டை. நாம் படத்தோடு படிக்கிற பாதுகாப்புப் பாடத்தை, பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஆயா கைப்பழக்கத்தில் வைத்திருந்தாங்க.

எனக்கு வெட்கமாக இருந்தது. வராந்தாவில் எனக்குச் சொன்ன விதி ஜடை. ஆனால் லேத் முன்னால் ஜடை குதிரைவாலைவிட மோசம்! பின்னிய கயிறு அது. மாட்டினால் ஒரு கொத்து அல்ல, மொத்தமும் சேர்ந்து போகும். வராந்தா விதிப்படி நடந்திருந்தால் நான் இன்னும் ஆபத்தான தலையோடு மெஷின் முன்னால் நின்றிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், அடக்கத்துக்காகப் போடுகிற விதி வேறு, பாதுகாப்புக்காகப் போடுகிற விதி வேறு. ரெண்டையும் ஒன்றாகக் குழப்பினால் உயிர் போகும்.

மறுநாள் கொண்டை போட்டு, அதன் மேல் இறுக்கமான துணித் தொப்பி போட்டு, முன்நெற்றி முடி ஒன்று கூட வெளியே வராமல், துப்பட்டா இல்லாமல், காக்கிக் கோட்டுப் பட்டன் எல்லாம் போட்டு சார் முன்னால் போய் நின்றேன். "குனி" என்றார். குனிந்தேன். "தலையை ஆட்டு" என்றார். ஆட்டினேன். ஒன்றும் அவிழவில்லை. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "வா, த்ரெட் கட்டிங் செட்டிங் சொல்லித் தரேன்" என்றார். அந்த வாரமே என் வகுப்பில் கயிறு, செயின் எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். அதற்காக அவரை நான் வணங்குகிறேன்.

குதிரைவாலுக்கும் ஒரு வார்த்தை

இப்படிச் சொன்னதால் குதிரைவாலை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒர்க் ஷாப் வாசலைத் தாண்டியதும் கொண்டை அவிழும், குதிரைவால் வரும்! என்னைப் போல் அடர்த்தியான முடி உள்ள தோழிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

பால் பாக்கெட்டில் போடுகிற வெறும் ரப்பர் பேண்டைத் தொடாதீர்கள். முடியை அறுக்கும். துணி சுற்றிய தடித்த பேண்ட்தான் நல்லது. அடர்த்தியான முடியை ஒரே பேண்டில் அடக்கப் பார்த்தால் ஒன்று வழுக்கும், இல்லை இறுக்கி இறுக்கித் தலைவலி வரும். அதற்கு வழி, சுமையைப் பங்கு போடுவது. காதுக்கு மேலே இருக்கிற முடியை மட்டும் முதலில் எடுத்து ஒரு பேண்ட் போடுங்கள். பிறகு கீழ்ப்பாதியை அதோடு சேர்த்து இரண்டாவது பேண்ட். ஒரு தூணில் ஏற்றுகிற பாரத்தை ரெண்டு தூணில் ஏற்றுகிற கணக்குதான். ஈர முடியில் கட்டாதீர்கள். ஈரத்தில் முடி சுலபமாக இழுபட்டு உடையும். சாயங்காலம் தலைவலித்தால் மாத்திரைக்கு முன்னால் பேண்டைத் தளர்த்திப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டும். இது 1907-லேயே பதிவான விஷயம். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கித் தூக்கிக் கட்டியதால் ஓரங்களில் வழுக்கை விழுந்ததை அப்போது ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். அதனால் கட்டுகிற இடத்தை மாற்றுங்கள், ராத்திரி அவிழ்த்துவிடுங்கள்.

குதிரைவால் படிப்புக்கு ஆகாது என்கிறவர்களுக்கும் ஒரு தகவல் வைத்திருக்கிறேன். ஓடும்போது நம் தலை மேலும் கீழும்தான் ஆடுகிறது. ஆனால் குதிரைவால் ஏன் இடமும் வலமும் ஆடுகிறது? ரயிலைப் பிடிக்கப் படியேறி ஓடுகிற எந்தப் பெண்ணிடமும் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜோசஃப் கெல்லர் இந்தக் கேள்வியை எடுத்து 2010-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். தொங்குகிற பொருளின் பிடியை மேலும் கீழும் ஆட்டினால், சில வேகங்களில் அது நேராகத் தொங்க முடியாமல் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிடும் என்று காட்டினார். அடுத்து ரேமண்ட் கோல்ட்ஸ்டைன், ராபின் பால், பேட்ரிக் வாரன் என்ற மூவர், குதிரைவால் ஏன் அந்த வடிவத்தில் விரிந்து நிற்கிறது என்பதற்கு ஒரு சமன்பாடு கண்டுபிடித்து 2012-இல் வெளியிட்டார்கள். முடியின் விறைப்பு, எடை, அதிலுள்ள நெளிவு எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு இக் நோபல் என்று ஒரு பரிசு உண்டு. 2012-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு இந்த நாலு பேருக்கும் கிடைத்தது. நாம் படிக்கிற அதிர்வுப் பாடம்தான். வராந்தாவில் என் குதிரைவாலைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், இனிமேல் அதை ஒரு செயல்முறை விளக்கமாக எடுத்துக்கொள்ளலாமே!

மன்றத்துக்கு என் கோரிக்கை

நம் மாணவர் மன்றம் வருஷா வருஷம் விளையாட்டு விழா நடத்துகிறது, கலை விழா நடத்துகிறது. இந்த வருஷம் இன்னொன்றும் செய்யட்டும்.

ஒன்று, ஒர்க் ஷாப்புக்கு ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே விதி. தொங்குகிற எதுவும் மெஷின் முன்னால் வரக் கூடாது. அது பெண்ணின் கூந்தலானாலும், முடி வளர்த்த நண்பனின் குடுமியானாலும், சாமிக் கயிறானாலும், செயினானாலும், துப்பட்டாவானாலும் சரி. கல்லூரியே கழுத்தில் மாட்டச் சொல்கிற அடையாள அட்டைக் கயிறும் இதில் சேர்த்தி. சாமி கோபித்துக்கொள்ளாது, நண்பர்களே. பையில் வைத்துவிட்டு வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஒர்க் ஷாப் வாசலில் ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி நிறையத் துணித் தொப்பி. தொப்பியை யாராவது மாணவர் வீட்டுத் தையல் மெஷினிலேயே தைத்துவிடலாம். துணிக் கடையில் மிச்சத் துணி மலிவாகக் கிடைக்கும். வகுப்பு தொடங்கும் முன் அஞ்சு நிமிஷம் கொடுங்கள்.

மூன்று, முதலாம் ஆண்டு முதல் ஒர்க் ஷாப் வகுப்பில், சுத்தியலையும் அரத்தையும் காட்டுவதற்கு முன்னால் தலை கட்டுவதைக் காட்டுங்கள். ஆசிரியர்களுக்குத் தெரியாவிட்டால் எங்க ஆயாவை அழைத்து வருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு காபி போதும்.

நான்கு, தப்புச் செய்தவரை மெஷினிலிருந்து விலக்குங்கள், ஒரு வகுப்புக்கு. திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி மெஷின் கொடுங்கள். மூன்று வாரம் ராவினால் ப்ளேட் தேயுமே தவிரத் தொழில் வராது. நாளைக்கு ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலைக்குப் போனால் அங்கே தலையில் தொப்பி போட்டு வேலை செய்கிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களோடு நாங்களும் போய் நிற்க வேண்டும் என்றால் இங்கே மெஷின் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

ஐந்து, ஒர்க் ஷாப்புக்கு வெளியே எங்கள் தலையை எங்களிடமே விட்டுவிடுங்கள். பின்னிக்கொள்கிறவள் பின்னட்டும், குதிரைவால் போடுகிறவள் போடட்டும், வெட்டிக்கொள்கிறவள் வெட்டட்டும். பஸ்ஸில் மாமி மூக்கில் படாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. தப்பு என் மேலும் இருந்தது. தொப்பி போடச் சொன்ன காலத்திலும், அழகாக இருக்கட்டும் என்று காதோரம் ரெண்டு சுருள் முடியை வெளியே இழுத்துவிட்டவள் நான். சக் அழகு பார்க்காது. உரிமை கேட்கிறவர்கள் அந்த ரெண்டு சுருளையும் உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் நம் பேச்சுக்கு மரியாதை.

இப்போது தினமும் காலையில் எங்கள் வீட்டில் நான் ரெண்டு நிமிஷத்தில் குதிரைவால் போடுகிறேன். அம்மா தூங்குறாங்க. ஒர்க் ஷாப் நாளில் மட்டும் ஆயா கூப்பிட்டு, "கொண்டை போட்டுக் காட்டு" என்பாங்க. போட்டுக் காட்டுவேன். கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "நிக்குது, போய்ட்டு வா" என்பாங்க. நேற்று என் முதல் போல்ட்டை, நானே த்ரெட் கட் செய்த போல்ட்டை, அவங்க கையில் கொடுத்தேன். நட்டை அதில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாங்க. சிக்காமல் ஓடியது.

— இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு